வேலையை விடாமல் சி.சி.என்.ஏ. தேறுவது

கல்லூரியில் படிக்கும்போதே சி.சி.என்.ஏ. எழுதி முடித்தவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம். சிறுசேரியிலோ சரவணம்பட்டியிலோ ஒரு என்.ஓ.சி.யில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்க்கும் எல்-1 பொறியாளர், வங்கிக் கிளை கிளையாகப் போய் ரூட்டரும் மோடமும் பார்க்கும் ஃபீல்டு இன்ஜினியர், பிரிண்டரும் பாஸ்வேர்டும் சரிசெய்து அலுத்துப்போய் நெட்வொர்க் பக்கம் வர நினைக்கும் டெஸ்க்டாப் சப்போர்ட் ஆள், இவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். இவர்களுக்கு நோட்ஸ் கிடைக்கிறது, வீடியோ கிடைக்கிறது, ஆலோசனையும் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி நாள் முழுக்கப் படிக்க வாய்ப்பிருப்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

“நேரமே கிடைக்கல சார்” என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வாரத்தைத் தாளில் எழுதிப் பார்த்தால் எட்டு, பத்து மணி நேரம் எப்படியும் தேறிவிடும். ஆனால் அதில் மூளை தெளிவாக இருக்கும் நேரம் மூன்று, நான்கு மணிதான். ஒன்பது மணி நேரம் அலாரம் திரையைப் பார்த்து, டிக்கெட்டுகளுக்குப் பதில் எழுதி, கேப்பில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வீடு வந்தவருக்கு ஸ்பேனிங் ட்ரீ மண்டையில் ஏறாது. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து யாரும் நொந்துகொள்ள வேண்டாம். உடம்பின் கணக்கு அப்படி. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: தெளிவான அந்த மூன்று நான்கு மணியைக் கையால் செய்து பழகும் வேலைக்குக் கொடுங்கள், மற்றதையெல்லாம் களைத்த நேரத்துக்குத் தள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ பார்க்கிறார்கள், லேபை இரவு பதினொரு மணிக்குத் திறக்கிறார்கள்.

தேர்வு எப்படிப்பட்டது

இப்போது நடப்பில் உள்ள தேர்வின் எண் 200-301. 2020 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பு ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று தனித்தனியாக இருந்த பல சி.சி.என்.ஏ.க்களை சிஸ்கோ ஒன்றாக்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் 1.1 பதிப்புக்கு மாறியது. பெரிய மாற்றமில்லை, ஆனால் பழைய புத்தகத்தை நண்பரிடம் வாங்கிப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆட்டோமேஷன் பகுதியில் பப்பெட், ஷெஃப் பற்றி நீட்டி முழக்கும் புத்தகம் பழசு. இப்போது ஆன்சிபிளும் டெராஃபார்மும் இருக்கின்றன, செயற்கை நுண்ணறிவு பற்றிய சிறு பகுதியும் சேர்ந்திருக்கிறது.

தேர்வு நேரம் 120 நிமிடம். பாடங்களின் பங்கு இப்படி: ஐ.பி. இணைப்பு 25 விழுக்காடு, நெட்வொர்க் அடிப்படைகள் 20, சுவிட்சிங்கும் வயர்லெஸ்ஸும் அடங்கிய நெட்வொர்க் ஆக்சஸ் 20, செக்யூரிட்டி 15, ஐ.பி. சேவைகள் 10, ஆட்டோமேஷன் 10. முதல் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 65 வருகிறது. சப்நெட்டிங், வி-லேன், ட்ரங்க், ஸ்பேனிங் ட்ரீ, ரூட்டிங் டேபிள், ஓ.எஸ்.பி.எஃப். இவற்றில் கை பழகிவிட்டால் பாதிக்கு மேல் தாண்டியாயிற்று. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதை சிஸ்கோ வெளியிடுவதில்லை. 825 எடுத்தால் போதும், 800 எடுத்தால் போதும் என்று காதில் விழுவதை வைத்துக் கணக்குப் போட்டுப் பயனில்லை.

கட்டணம் 300 டாலர். வரியையும் அன்றைய டாலர் விலையையும் சேர்த்தால் நம் பணத்தில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். எல்-1 சம்பளத்தில் இது விளையாட்டுப் பணமில்லை. ஆகவே முதலில் உங்கள் எச்.ஆரிடம் கேளுங்கள். சர்ட்டிஃபிகேஷன் தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. சில இடங்களில் முன்அனுமதி வாங்காமல் எழுதினால் பணம் வராது. வேறு சில இடங்களில் பணம் தந்துவிட்டு இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்று நிபந்தனை வைப்பார்கள். வேறு வேலை தேடவே இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஜப்பானியத்தில். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதைச் சொல்லித் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேள்விகளின் ஆங்கிலம் கடினமானதல்ல, ஆனால் இறுக்கமானது. ‘இரண்டைத் தேர்ந்தெடு’, ‘எது பொருந்தாது’, ‘முதலில் எதைச் செய்ய வேண்டும்’, ‘அதிக வாய்ப்புள்ள காரணம் எது’ என்று ஒற்றைச் சொல்லில் கேள்வியே திரும்பிவிடும். இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு உதவாது. ஒவ்வொரு மாதிரிக் கேள்வியையும் படித்ததும், கேட்பது என்ன என்பதை ஒரு வரியில் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் கேள்வி புரியவில்லை. ஒரு மாதம் இப்படிச் செய்தாலே வாசிப்பு வேகம் கூடிவிடும்.

வாரத்தைப் பங்கிடுவது

ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே மாதத்தில் முடித்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் வேலையிலேயே ரூட்டரில் கை வைக்கும் எல்-2 ஆட்கள். எல்-1 பொறியாளருக்கும் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருப்பவருக்கும் ஆறு மாதம் நியாயமான அளவு. வருடக்கணக்கில் இழுத்தால் முதலில் படித்தது மறந்து, திரும்பத் திரும்ப முதல் அத்தியாயத்திலேயே நிற்பீர்கள்.

பகல் ஷிப்ட் பார்ப்பவருக்குத் தெளிவான நேரம் காலைதான். ஐந்தரைக்கு எழுந்து ஆறரை வரை, வாரத்தில் மூன்று நாள். ஏழு நாளும் என்று தீர்மானம் போடாதீர்கள். இரண்டாம் வாரமே உடைந்துவிடும், உடைந்ததும் மனசு விட்டுப்போகும். வீக் ஆஃப் நாளில் ஒரு மணி நேர லேப் ஒன்று. இவ்வளவுதான் தெளிவான நேரம். கேப்பிலும் மின்சார ரயிலிலும் கேள்வி-பதில் கார்டுகள், இரவு சாப்பிட்ட பிறகு அரை மணி வாசிப்பு அல்லது ஒரு வீடியோ.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு வேறு கணக்கு. ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு வந்ததும் “ஒரு மணி நேரம் படிச்சிட்டுத் தூங்கறேன்” என்பவர்கள் அந்த ஒரு மணியையும் இழக்கிறார்கள், தூக்கத்தையும் இழக்கிறார்கள். வந்ததும் தூங்கிவிடுங்கள். மாலை எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கேப் வருவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் காலைப்பொழுது. விடியற்காலை இரண்டிலிருந்து நான்கு வரை என்.ஓ.சி. சும்மா இருக்கும் நாட்களில் டீம் லீடிடம் சொல்லிவிட்டுக் கார்டு புரட்டலாம். அந்த நேரத்தில் புதுப் பாடம் தொடங்க வேண்டாம். ஷிப்ட் மாறும் வாரத்தில் பாடத்தையே பாதியாகக் குறைத்துவிடுங்கள். ரோஸ்டர் மாதத் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடும். படிப்பு அட்டவணையை அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

ஊர்க் காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்கள் வரிசையாக வரும். நண்பன் கல்யாணம், மாமன் மகள் கல்யாணம் என்று வார இறுதிகள் போய்விடும். அந்த மாதங்களில் தேர்வுத் தேதி வைக்க வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் இடங்களில் கிறிஸ்துமஸை ஒட்டி சேஞ்ச் ஃப்ரீஸ் அறிவிப்பார்கள். புது மாற்றங்கள் எதுவும் நடக்காததால் பல என்.ஓ.சி.களில் வேலை குறையும். தேர்வுக்கு முந்தைய கடைசி மூன்று வாரத்தை அதில் பொருத்திக்கொள்ள முடிந்தால் நல்லது.

வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். எந்த மூன்று நாள், எத்தனை மணிக்கு, எந்த மாதம் வரை என்று. கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தால் படிக்கிறாரா படம் பார்க்கிறாரா என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? வேலைக்கும் போய், காலைச் சமையலையும் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பும் பெண்களுக்கு ‘ஐந்தரைக்கு எழுந்து படியுங்கள்’ என்று சொல்வது நியாயமே இல்லை. அந்த மூன்று காலையில் அடுப்பைக் கணவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டாம், ஏற்பாடாகவே பேசி முடியுங்கள். வீட்டில் இடம் சரிவராதவர்கள் நூலகத்தைப் பயன்படுத்தலாம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வு எழுதுவோர் உட்காரும் மேசைகளில் நீங்களும் உட்காரலாம்.

கண்ணால் படித்தது நிற்காது

வீடியோவில் ஒருவர் தெளிவாக விளக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். இந்த ‘புரிந்த மாதிரி’தான் வேலை பார்த்துக்கொண்டு படிப்பவரின் பெரிய எதிரி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்ததுதான் நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததே அதிகம் தங்கியிருந்தது. நமக்கு ஐந்து நிமிடக் கணக்கால் பயனில்லை, ஆறு மாதக் கணக்குதான் வேண்டும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தட்டாமல், ஒரு வெள்ளைத்தாளில் இப்போது என்ன கேட்டோம் என்று எழுதுங்கள். முதலில் நான்கு வரிகூட வராது. அது நல்ல அறிகுறி, எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது.

கார்டுகளுக்கு அங்கி என்ற இலவச மென்பொருள் போதும். அடுத்தவர் தயாரித்த ஆயிரம் கார்டுகளை இறக்கிக்கொள்வதைவிட, நீங்கள் தவறவிட்ட கேள்விகளிலிருந்து நீங்களே போட்ட இருநூறு கார்டுகள் பலமடங்கு உதவும். போர்ட் எண்கள், ஏ.டி. (அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்) மதிப்புகள், ஓ.எஸ்.பி.எஃப். நிலைகளின் வரிசை, ஐ.பி.வி-6 முகவரி வகைகள் ஆகியவை கார்டுக்கு ஏற்றவை. சப்நெட்டிங்கும் ஸ்பேனிங் ட்ரீயும் கார்டுக்கு ஏற்றவை அல்ல. அவற்றைக் காகிதத்தில் போட்டுத்தான் பழக வேண்டும்.

சப்நெட்டிங்கை எடுத்துக்கொள்வோம். 172.16.45.100 என்ற முகவரி, மாஸ்க் /27. இது எந்தச் சப்நெட்? /27 என்றால் கடைசிப் பகுதி 224. 256இலிருந்து 224 போக 32. ஆக, சப்நெட்டுகள் 0, 32, 64, 96, 128 என்று முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகத் தாவும். 100 என்பது 96க்கும் 128க்கும் நடுவில் இருக்கிறது. நெட்வொர்க் முகவரி 172.16.45.96, பிராட்காஸ்ட் 127, கணினிகளுக்குத் தரக்கூடியவை 97 முதல் 126 வரை, மொத்தம் 30. இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். 10.20.77.9 /20 என்று கேட்டால்தான் கை தடுமாறும். கணக்கு அதேதான், மூன்றாம் பகுதிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. மாஸ்க் 255.255.240.0, தாவல் 16. 64, அடுத்தது 80. 77 அந்த இடைவெளியில் விழுகிறது. நெட்வொர்க் 10.20.64.0, பிராட்காஸ்ட் 10.20.79.255. தினமும் ஐந்து கணக்கு, பல் துலக்குவதுபோல. முகவரிகளுக்குப் பஞ்சமில்லை, அன்று உங்கள் டிக்கெட்டில் வந்ததையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கு அரை நிமிடத்துக்குள் வரும்வரை இதை விடாதீர்கள். தேர்வில் ரூட்டிங் கேள்வி, ஏ.சி.எல். கேள்வி, ஓ.எஸ்.பி.எஃப். கேள்வி எல்லாவற்றுக்குள்ளும் சப்நெட்டிங் ஒளிந்திருக்கும். இந்த /27ஐயே ஏ.சி.எல்.லில் எழுதும்போது வைல்டுகார்டு 0.0.0.31 ஆகிவிடும்.

லேப்: உடைத்துப் பார்ப்பது

லேபுக்கு ரூட்டர், சுவிட்ச் விலைக்கு வாங்க வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயரைப் பதிந்துகொண்டால் பேக்கட் ட்ரேசர் இலவசமாகக் கிடைக்கும், சாதாரண லேப்டாப்பில் ஓடும். சி.சி.என்.ஏ. அளவுக்கு அது போதும். ரிச்சி தெருவில் பழைய சுவிட்ச் கிடைக்குமா என்று அலைவதற்குச் செலவாகும் சனிக்கிழமையை அதில் செலவிடலாம். ஆபீஸ் லேப்டாப்பில் அனுமதியில்லாமல் அதை நிறுவாதீர்கள். ஆபீஸ் ரூட்டரின் கான்ஃபிகரேஷனைப் படிப்பதற்காகவென்று வீட்டுக்கு எடுத்து வருவதும், வாடிக்கையாளரின் கருவியில் ஒரு கமாண்டைச் சோதித்துப் பார்ப்பதும் வேலைக்கே உலை வைக்கும்.

பாடப்புத்தகத்தில் உள்ள லேபை அப்படியே தட்டச்சு செய்து, பிங் போனதும் மூடிவிடுபவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். மீதிப் பாதி, ஓடிக்கொண்டிருப்பதை உடைப்பது. மூன்று ரூட்டரை வரிசையாக இணைத்து ஓ.எஸ்.பி.எஃப். ஓடவிடுங்கள். ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ கொடுத்தால் இருபக்கமும் ஃபுல் என்று காட்ட வேண்டும். இப்போது நடு ரூட்டரின் ஒரு இன்டர்ஃபேஸில் ஹலோ டைமரை 10இலிருந்து 15 ஆக்குங்கள். நாற்பது நொடிக்குள் நெய்பர் விழும். விழும்போது திரையில் என்ன செய்தி வருகிறது என்று படியுங்கள். சரிசெய்துவிட்டு அடுத்து ஏரியா எண்ணை ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். அதையும் சரிசெய்துவிட்டு ஒரு இன்டர்ஃபேஸைப் பாசிவ் ஆக்குங்கள். பிறகு ஒரு பக்கம் மாஸ்க்கை மாற்றுங்கள். நான்கிலும் நெய்பர் இல்லை என்பது ஒன்றுதான். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டிய இடம் வேறு வேறு. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்’ டைமரையும் ஏரியாவையும் காட்டும், ‘ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்’ பாசிவ் இன்டர்ஃபேஸைக் காட்டும். இந்த நான்கு உடைப்பும் ஒரு காலைப்பொழுதில் முடியும்.

கூடப் படிக்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் உடைத்து அனுப்பட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். மறுவாரம் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் எல்-2 சீனியரிடம் “அண்ணா, இந்த லிங்க் ஏன் ஃப்ளாப் ஆச்சுன்னு ரெண்டு நிமிஷம் சொல்றீங்களா?” என்று எஸ்கலேட் செய்த டிக்கெட்டைப் பற்றி அடுத்த நாள் கேளுங்கள். எஸ்கலேட் செய்துவிட்டு மறந்துபோகிறவருக்கு அந்த டிக்கெட் ஒரு எண். திரும்பக் கேட்பவருக்கு அது பாடம்.

வேலை பார்ப்பவருக்கு இருக்கும் பெரிய சாதகம் இதுதான், இதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். ஒரு கிளையிலிருந்து அழைப்பு வருகிறது: ‘நெட் வரலை.’ கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கிறது. எல்-1 பொறியாளர் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார், கேபிளைப் பார்க்கச் சொல்வார், டிக்கெட்டை மேலே அனுப்புவார். ஆனால் அந்த ஒரு எண்ணே கதை முழுவதையும் சொல்லிவிட்டது. கணினிக்கு டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டது. ஏன் பதில் வரவில்லை? கணினி கேட்கும் முதல் செய்தி பிராட்காஸ்ட். ரூட்டர் பிராட்காஸ்டை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. சர்வர் தலைமையகத்தில் இருந்தால், கிளை ரூட்டரில் ‘ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ்’ இருந்தாக வேண்டும். ஒரே ஒரு கணினிக்கு மட்டும் பிரச்சினை என்றால் அதன் போர்ட் தவறான வி-லேனில் இருக்கலாம். கிளை முழுக்க என்றால் ஹெல்ப்பரையோ சர்வரையோ சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரே டிக்கெட்டில் டி.எச்.சி.பி., பிராட்காஸ்ட் டொமைன், வி-லேன் என்று மூன்று பாடம் இருக்கிறது. வாரம் ஒரு டிக்கெட்டை, வாடிக்கையாளர் பெயரும் உண்மையான முகவரிகளும் இல்லாமல், பேக்கட் ட்ரேசரில் கட்டிப் பாருங்கள்.

தேர்வில் பலர் வழுக்கும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரூட்டிங் டேபிளில் 10.1.0.0 /16க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் இருக்கிறது, 10.1.1.0 /24க்கு ஓ.எஸ்.பி.எஃப். ரூட் இருக்கிறது. 10.1.1.5க்குப் போகும் பேக்கட் எந்த வழியில் போகும்? ஸ்டாட்டிக்கின் ஏ.டி. 1, ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு 110, ஆகவே ஸ்டாட்டிக் என்று எழுதிவிடுவார்கள். தவறு. நீளமான மாஸ்க் பொருந்தும் ரூட்டே வெல்லும், அதாவது ஓ.எஸ்.பி.எஃப். ரூட். ஒரே நெட்வொர்க்குக்கு, ஒரே மாஸ்க்கோடு, இரண்டு வழியில் தகவல் வரும்போது எதை டேபிளில் ஏற்றுவது என்பதற்குத்தான் ஏ.டி. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, லேபில் இரண்டு ரூட்டும் கொடுத்து ‘ட்ரேஸ்ரூட்’ விட்டுப் பாருங்கள். அப்புறம் மறக்காது.

டம்ப் பற்றி

எந்த அலுவலகத்திலும் யாரோ ஒருவர் ‘டம்ப்’ கோப்பு ஒன்றை நீட்டுவார். “இதைப் படிச்சா போதும், நூறு சதவீதம் கியாரண்டி.” திருடப்பட்ட தேர்வுக் கேள்விகள் அவை. தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் சிஸ்கோவின் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுதான் உட்காருகிறார்கள். மீறினால் சான்றிதழைப் பறிக்கவும் இனி எழுதவே விடாமல் தடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. விதியை விடுங்கள். டம்ப் படித்துத் தேறியவரிடம் நேர்காணலில் “ட்ரங்க் போர்ட்டில் நேட்டிவ் வி-லேன் இரண்டு பக்கமும் வேறாக இருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சான்றிதழ் இல்லாதவர் தெரியாது என்று சொன்னால் கற்றுக்கொள்ளட்டும் என்று எடுப்பார்கள். சான்றிதழ் வைத்துக்கொண்டு தெரியாது என்பவரை எடுக்கமாட்டார்கள். உங்கள் ஆறு மாதக் காலைத் தூக்கத்தையும் முப்பதாயிரம் ரூபாயையும் அந்தக் கோப்பை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

பாடப்புத்தகத்துக்கு வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு தொகுதிகள் இருக்கின்றன, சிஸ்கோ பிரஸ் வெளியீடு. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வரிசையாக முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், சிஸ்கோ வெளியிடும் தேர்வுத் தலைப்புகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்ததைத் தாண்டி, தெரியாததில் நில்லுங்கள். ஒரு புத்தகம், ஒரு வீடியோ தொடர், ஒரு மாதிரித் தேர்வு போதும். ஐந்து ஆசிரியர்களை ஒரே சமயத்தில் பின்தொடர்பவர் ஐந்து முறை அறிமுகப் பாடத்தைக் கேட்கிறார்.

பதிவும் பெயரும்

நான்காம் மாத முடிவில் பியர்சன் வ்யூ தளத்தில் தேதியைப் பதிவு செய்துவிடுங்கள். தேதி இல்லாத படிப்பு நகராது. அவசரம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் குறைந்தது ஒரு நாள் முன்னதாக.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ‘செந்தில் கே’, பாஸ்போர்ட்டில் ‘செந்தில்’ ஒரு கட்டத்திலும் ‘கருப்பையா’ இன்னொரு கட்டத்திலும், ஓட்டுநர் உரிமத்தில் ‘கே. செந்தில்’. தேர்வு மையத்தில் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் இருப்பதும் பதிவில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே சிஸ்கோ கணக்கிலும் பியர்சன் வ்யூ கணக்கிலும் பெயரை வையுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி பதிந்திருந்தால், தேதி போடும் முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். எந்தெந்த அட்டைகள் செல்லும், ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்பது பதிவு உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் இருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள்.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. அறையில் வேறு யாரும் நுழையக் கூடாது, கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், காகிதமும் பேனாவும் கிடையாது. குக்கர் சத்தம், கரண்ட் கட், எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நம் வீடுகளில் இரண்டு மணி நேரத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. மையத்துக்கே போங்கள். அங்கே எழுதி அழிக்கும் பலகையும் பேனாவும் தருவார்கள், சப்நெட் கணக்குக்கு அது கைகொடுக்கும்.

தேர்வு அறையில்

முந்தின நாள் நைட் ஷிப்ட் வேண்டவே வேண்டாம். ரோஸ்டரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், முடியாவிட்டால் விடுப்பு எடுங்கள்.

சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது. பள்ளியிலிருந்தே ‘தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் போடு’ என்று பழகியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். மாதிரித் தேர்வுகளையும் திரும்பாமல்தான் எழுதிப் பழக வேண்டும். தெரியாத கேள்வியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், இருப்பதில் நல்லதைத் தட்டிவிட்டு நகருங்கள். மிச்சம் பிடித்த நேரம் லேப் கேள்விகளுக்கு வேண்டும். லேப் கேள்வி வந்தால் முதலில் கேட்டிருப்பதை முழுக்கப் படியுங்கள், பிறகு ‘ஷோ’ கமாண்டுகளால் இருப்பதைப் பாருங்கள், அதற்கப்புறம்தான் கான்ஃபிகரேஷன். சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

தவறிவிட்டால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஆனால் ஐந்தாம் நாளே போக வேண்டாம். மதிப்பெண் அறிக்கையில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை விழுக்காடு என்று இருக்கும். மிகக் குறைந்த இரண்டு பகுதிகளை மட்டும் எடுத்து ஒரு மாதம் லேப் செய்யுங்கள். அலுவலகத்தில் யாராவது கேட்டால் “இன்னொரு தரம் எழுதறேன்” என்று சொன்னால் போதும்.

தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். காலாவதியாகும் தேதியை அன்றைக்கே போன் காலண்டரில் போட்டு, ஓராண்டு முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். அந்தத் தேதிக்குள் 30 தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்தோ மறுபடி தேர்வு எழுதியோ புதுப்பிக்கலாம். சி.சி.என்.பி. பக்கம் போக எண்ணமிருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே என்கோர் என்னும் 350-401 தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். அதில் தேறினால் சி.சி.என்.ஏ.வும் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும், தனியாக எழுத வேண்டியதில்லை.